அபேட்சகரின் வாயும் காலும்

தேர்தல் காலத்தில் பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்தால், அபேட்சகர்களில் எத்தனை ரகம் உண்டு என்பது தெரிந்துவிடும். ஒருவர் திறந்த வண்டியில் நின்று, கூப்பிய கையைப் பிரிக்காமலே, காற்றாய்ப் பறந்துவிடுவார். இன்னொருவர் திண்ணை திண்ணையாக ஏறி, வீட்டிலுள்ள குழந்தையின் பெயரைக் கேட்டு, பாட்டியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போவார். மூன்றாமவரோ வாயைத் திறப்பதே இல்லை. பக்கத்தில் நிற்கும் தலைவர் முழங்குவார். நம் அபேட்சகர் புது மாப்பிள்ளையைப் போல் தலையைக் குனிந்துகொண்டு புன்னகை புரிவார்.

இந்த வித்தியாசங்களுக்கு ஜனங்கள் சொல்லும் காரணம் மிகவும் சுலபமானது. முதல்வர் கர்வி, இரண்டாமவர் நல்ல மனுஷர், மூன்றாமவர் விஷயமில்லாதவர். குணத்தைக் கொண்டு தீர்ப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

நமக்கு இந்தத் தீர்ப்பு அவ்வளவாகச் சம்மதமில்லை. குணம் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே மனிதரை இரண்டு விதமான தேர்தலில் நிறுத்திப் பாருங்கள். வார்டு தேர்தலில் திண்ணை ஏறியவர் பார்லிமெண்டுத் தேர்தலில் வண்டியை விட்டு இறங்கமாட்டார். மனிதர் மாறவில்லை, தேர்தலின் அமைப்புத்தான் மாறியிருக்கிறது. வோட்டரின் கை என்ன செய்யவேண்டுமென்று சட்டம் விதிக்கிறதோ, அதையே அபேட்சகரின் வாய் சொல்லுகிறது. எந்தத் தெருவின் வோட்டு அவருக்கு விழக்கூடுமோ, அந்தத் தெருவுக்கே அவருடைய கால் நடக்கிறது. இதற்குச் சாட்சியம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பழைய தென்னாற்காடு ஜில்லாவின் தேர்தல் சரித்திரத்திலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

அதற்கு முன் உத்திரமேரூரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழர் காலத்துக் குடவோலைச் சாசனத்தைப் பற்றிப் பேசாத தேர்தல் மேடை நம் நாட்டில் கிடையாது. ஆனால் மேடையில் ஏறுகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த முறையில் பிரசாரத்துக்கு இடமே இல்லை! இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உண்டா, வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கிறதா, கணக்குக் காட்டாமல் தப்பியவரா என்றெல்லாம் தகுதி பார்த்து, பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். சிறுவனிடம் போய் என்னவென்று வோட்டுக் கேட்பது? அக்காலத்து அபேட்சகருக்கு வாயும் வேண்டாம், காலும் வேண்டாம். நல்ல பேர் ஒன்று இருந்தால் போதும்.

நிற்க. 1937-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

1935-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு 215 ஸ்தானங்கள். சொத்து, வரி, படிப்பு ஆகிய தகுதிகளைத் தளர்த்தியதால், முன்னெப்போதும் வோட்டுச் சாவடியைக் கண்டிராத லட்சக்கணக்கான பேர் புதிதாக வோட்டர் ஜாபிதாவில் ஏறினார்கள். அவர்களில் பலருக்கு எழுத்து வாசனை கிடையாது. எனவே நிறப் பெட்டிகள் வந்தன. அபேட்சகருக்கு ஒரு நிறம். அந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போடவேண்டியது. காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி.

இந்த ஒரு ஏற்பாடு அபேட்சகர்களின் பிரசாரத்தை எப்படி மாற்றிற்று என்பதைக் கவனிக்கவேண்டும். அதுவரை வோட்டுக் கேட்பதென்றால், இன்ன ஜமீன்தார், இன்ன ராவ்பகதூர், இன்ன வக்கீல் என்று பெயரையும் பட்டத்தையும் அந்தஸ்தையும் சொல்லிக் கேட்பதுதான். மஞ்சள் பெட்டி வந்ததும் அபேட்சகரின் பெயரே அநாவசியமாகிவிட்டது. மஞ்சளோ நம் வீடுகளில் மங்கலத்தின் நிறம். தாலிச் சரட்டில் இருப்பது மஞ்சள். வாசற்படியில் பூசுவது மஞ்சள். அந்த நிறத்துக்கு எதிராகப் பேசுவது எதிர்க்கட்சிக்காரருக்கு எவ்வளவு தர்மசங்கடமான காரியம்! ஸ்ரீ சத்தியமூர்த்தி ஊர் ஊராகச் சென்று முழங்கினார். ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள் பாடினார். யாருக்காகப் பாடினார் என்று கேட்டால், தனிப்பட்ட அபேட்சகர் எவருக்காகவும் அல்ல. ஒரு நிறத்துக்காகப் பாடினார் என்றே சொல்லவேண்டும். முடிவில் 215-இல் 159 ஸ்தானம் காங்கிரஸுக்குக் கிடைத்தது. பிரதம மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜாவே தம்முடைய சொந்த ஊரில் ஸ்ரீ வி. வி. கிரியிடம் தோற்றார். ராஜாவின் பெயரை அறியாதவர் பொப்பிலியில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். ஆனால் சீட்டு விழுந்தது பெயருக்கல்ல, பெட்டிக்கு.

இது வாயைப் பற்றிய கதை. அதே 1937-இல் காலைப் பற்றிய கதை ஒன்றும் உண்டு. அது பரங்கிப்பேட்டைக்கு மிகவும் நெருங்கிய விஷயம்.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் வந்து இறங்கிய துறை. மஹ்மூது பந்தர் என்ற பெயரும் உண்டு. மரக்காயர் தெருக்களும், பள்ளிவாசல்களும், கோயில்களும், சற்றுத் தூரத்தில் மீனவர் குப்பங்களுமாக ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். தெருவுக்குத் தெரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆனால் 1909-ஆம் வருஷத்துச் சீர்திருத்தம் தொடங்கி, சுதந்திரத்துக்கு முன் நடந்த கடைசித் தேர்தல் வரையில், முஸ்லிம் வோட்டர்களுக்குத் தனித்தொகுதி. 1937-இல் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 28 முஸ்லிம்களுக்கு என்று பிரிக்கப்பட்டிருந்தது. அந்த 28 பேரை முஸ்லிம்களே தேர்ந்தெடுக்கவேண்டும். பொதுத் தொகுதியில் முஸ்லிமுக்கு வோட்டுக் கிடையாது.

இதன் விளைவு என்ன? பொதுத் தொகுதி அபேட்சகருக்கு மரக்காயர் தெருவில் நுழையவேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை. அங்கே அவருக்கு ஒரு வோட்டுமில்லை. முஸ்லிம் அபேட்சகருக்கும் அப்படியே, குப்பத்துப் பக்கம் போய் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வோட்டுக் கேட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பாராமலே ஊரைவிட்டுப் போயிருக்கலாம். இருவருமே பரந்த மனசு படைத்தவர்களாக இருந்திருக்கக்கூடும். ஆனாலும், தேர்தல் நாளில் பயன்படாத தெருவுக்கு நடக்கும் அபேட்சகரை இதுவரை பிரமன் படைக்கவில்லை. தனித்தொகுதியைத் தேசியவாதிகள் ஏன் அத்தனை கடுமையாக எதிர்த்தார்கள் என்பதை விளக்கப் பெரிய புஸ்தகங்கள் இருக்கின்றன. பரங்கிப்பேட்டையின் இரண்டு தெருக்களே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடும். குடியரசின் அரசியல் சட்டம் தனித்தொகுதியை ஒழித்தது. 1952-ஆம் வருஷத் தேர்தலிலிருந்து இவ்வூருக்கு வரும் ஒவ்வொரு அபேட்சகரும் பள்ளிவாசல் தெருவுக்கும், கோயில் தெருவுக்கும், குப்பத்துக்கும், சேரிக்கும் நடந்தே ஆகவேண்டும் என்றாயிற்று.

சேரி என்று சொன்னோம். அங்கே அபேட்சகரின் கால் போன கதை இன்னும் சுவாரஸ்யமானது.

1932-ஆம் வருஷத்துப் பூனா ஒப்பந்தத்தின் பலனாகத் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி ஏற்படவில்லை. கூட்டுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட ஸ்தானம் கிடைத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் இரண்டு பொதுத் தேர்தல்களிலும் இதை இரட்டை உறுப்பினர் தொகுதி என்ற முறையில் நடத்தினார்கள். 1952-இல் சென்னை ராஜ்யத்தின் 375 ஸ்தானங்களுக்கு 309 தொகுதிகள்தான். அவற்றில் 66 இரட்டைத் தொகுதிகள். அங்கே வோட்டருக்கு இரண்டு வோட்டு. சாவடிக்குள் சின்னம் ஒட்டிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். இரண்டு சீட்டுகளையும் இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் போடவேண்டும். ஒதுக்கப்பட்ட ஸ்தானம் தாழ்த்தப்பட்ட வகுப்பு அபேட்சகர்களில் அதிக வோட்டுப் பெற்றவருக்கு. மற்ற ஸ்தானம் பாக்கிப் பேரில் முதல்வருக்கு.

ஆகவே அபேட்சகர்கள் ஜோடி சேரவேண்டியதாயிற்று. "ஒரு சீட்டு எனக்கு, மற்றது என் தோழருக்கு" என்று மேல் சாதிக்காரர் சேரியிலும், சேரியில் பிறந்தவர் அக்கிரகாரத்திலும் முதலித் தெருவிலும் சொல்லவேண்டும். சிதம்பரம் சட்டசபைத் தொகுதி அப்படிப்பட்ட இரட்டைத் தொகுதிதான். சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவி வளர்த்த சுவாமி சகஜானந்தர் காங்கிரஸ் சார்பில் சட்டசபைக்குப் போனது அவ்வாறே. நந்தனார் கோயில் வாசலில் நின்ற கதை எந்த ஊரில் வழங்குகிறதோ, அதே ஊரில், கோயிலைச் சுற்றிய வீதிகளின் வோட்டும் அவருக்கு வேண்டியிருந்தது.

ஜோடி எப்போதும் சேர்ந்தே கரையேறியதாகச் சொல்லமுடியாது. அதே 1952-இல் கடலூர் பார்லிமெண்டுத் தொகுதியும் இரட்டைத் தொகுதி. அங்கே ஒரு ஸ்தானத்துக்குக் காங்கிரஸ் அபேட்சகர் ஸ்ரீ எல். இளையபெருமாளும், மற்றொரு ஸ்தானத்துக்குத் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைச் சேர்ந்த ஸ்ரீ கோவிந்தசாமி கச்சிராயரும் வந்தார்கள். உழைப்பாளர் கட்சி கடலூர் ஸ்ரீ எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் கட்சி. வன்னியர் கிராமங்களின் உறவுப் பிணைப்பே அதன் பலம். பத்திரிகையும் பெரிய காரியாலயமும் இல்லாத அக்கட்சி சட்டசபையில் 19 ஸ்தானங்களைப் பிடித்தது. மைத்துனரும் சம்பந்தியும் ஊர்ப் பெரியவரும் இருக்கும்போது ஒலிபெருக்கி எதற்கு?

இரட்டைத் தொகுதியின் விசித்திரத்தை முழுமையாக அனுபவித்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் நாம் முன்பே சந்தித்த ஸ்ரீ வி. வி. கிரிதான். 1957-இல் ஆந்திரத்துப் பார்வதீபுரத்தில் அவர் நின்றார். அது பழங்குடியினருக்கு ஒரு ஸ்தானம் ஒதுக்கிய இரட்டைத் தொகுதி. எண்ணிப் பார்த்தபோது பழங்குடி அபேட்சகர்கள் இருவர் அதிக வோட்டு வாங்கியிருந்தார்கள். ஒருவர் ஒதுக்கப்பட்ட ஸ்தானத்தையும் மற்றவர் பொது ஸ்தானத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கிரி சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ப் பார்த்தார். பயனில்லை. பொப்பிலி ராஜாவைப் பெட்டியின் நிறத்தைக் கொண்டு வென்றவர், இருபது வருஷம் கழித்துப் பெட்டிகளின் எண்ணிக்கையால் தோற்றார். பிற்காலத்தில் அவர் ராஷ்டிரபதியானது வேறு கதை. 1961-இல் இரட்டைத் தொகுதிகள் ஒழிந்தன.

அன்றுமுதல் ஒதுக்கப்பட்ட தொகுதியில் அபேட்சகர்கள் அனைவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். வோட்டர்களோ எல்லா வகுப்பினரும். சிதம்பரம் பார்லிமெண்டுத் தொகுதி அத்தகையது. அங்கே வகுப்பு வோட்டை மட்டும் நம்பி எவரும் கரையேற முடியாது. எல்லா வாசலிலும் நின்றாகவேண்டும். சில வாசலில் வரவேற்பு எப்படியிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை, நேயர்கள் அறிவார்கள்.

இனி அந்தத் தொகுதியின் பரப்பைச் சற்றுப் பார்ப்போம். 2008-ஆம் வருஷத்து வரையறைக்குப் பிறகு அது ஆறு சட்டசபைத் தொகுதிகளைக் கொண்டது: சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில், ஜெயங்கொண்டம், அரியலூர், குன்னம். பரங்கிப்பேட்டையில் காலையில் கருவாட்டு வாசனையில் புறப்படும் அபேட்சகர், நெல் வயல்களைத் தாண்டி, வீராணத்துக் கரையோடு போய், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, முந்திரிக்காட்டுப் புழுதியையும் அரியலூர்ச் சிமெண்டுத் தூசியையும் விழுங்கி, குன்னத்துச் சோளக்கொல்லையில் போய் நிற்கவேண்டும். ஒரு ஊரில் முகத்துவாரத்து மணல்மேட்டைப் பற்றிப் பேசவேண்டும். இன்னொரு ஊரில் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பற்றி. வேறோர் ஊரில் மழை பொய்த்ததைப் பற்றி. எல்லாம் ஒரே நாளில்!

2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் இத்தொகுதியில் சுமார் 15 லட்சம் வோட்டர்கள். மனுக்களை வாபஸ் பெறும் கடைசி நாள் மார்ச் 30. பிரசாரம் முடிந்தது ஏப்ரல் 17 மாலை. இடையில் 18 நாள். நம் உபாத்தியாய புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். வோட்டர் ஒருவருக்கு ஒரு விநாடி வீதம், உண்ணாமல் உறங்காமல், வண்டி ஓரிடத்திலும் நிற்காமல், ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கும்பிடுவதானால் 17 நாளும் எட்டு மணி நாற்பது நிமிஷமும் ஆகும். திறந்த வண்டியில் பறந்தாரே முதல் அபேட்சகர், அவரைக் கர்வி என்று சொல்லுமுன் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பணக் கணக்கும் இதற்கு இளைத்ததல்ல. அந்தத் தேர்தலில் பார்லிமெண்டு அபேட்சகர் செலவழிக்கச் சட்டம் அநுமதித்த உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். வோட்டருக்கு ஆறு ரூபாய் சொச்சம். ஒரு டீ வாங்கக்கூடக் காணாது. கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் வந்து பொதுவாகப் பேசிவிட்டுப் போனால் செலவு கட்சியின் தலையில். அபேட்சகர் அதே மேடையில் ஏறி நின்றாலோ, அவர் பெயரைச் சொல்லி வோட்டுக் கேட்டாலோ, செலவு அபேட்சகரின் கணக்கில் ஏறிவிடும். ஆகவே சில கூட்டங்களில் அபேட்சகரைத் தேடினால் கிடைக்கமாட்டார். தேர்தல் கமிஷனின் கணக்குக்குப் பயந்து எங்கேயாவது மறைவாக இருப்பார்! இங்கிலாந்தில் 1883-ஆம் வருஷத்துச் சட்டம் அபேட்சகரின் செலவுக்கு வரம்பு கட்டியபோது வேறு விதமான பலன் ஏற்பட்டது. கூலிக்கு ஆள் பிடிப்பது குறைந்து, சம்பளமில்லாத தொண்டர்கள் வீடு வீடாக ஏறும் வழக்கம் பெருகியது. நம் நாட்டுச் சட்டத்தில் ஓட்டை இருப்பதால், வீடு ஏறும் செருப்புத் தேய்வதற்குப் பதிலாகத் தலைவரின் தொண்டை தேய்கிறது.

சரி, வாயின் விஷயத்துக்குத் திரும்புவோம். நிறப் பெட்டி போய், சின்னப் பெட்டி வந்து, 1962-இல் சீட்டில் முத்திரை குத்தும் முறை பரவி, 2004-இல் தேசமெங்கும் இயந்திரம் வந்துவிட்டது. கை செய்யும் வேலை இப்போது பொத்தானை அமுக்குவது. பொத்தானுக்குப் பக்கத்தில் பெயரும் சின்னமும் உண்டு. 2015 முதல் படமும் உண்டு. நம்மைப் போன்ற உபாத்தியாயர்கள் தேர்தல்தோறும் சாவடியில் உத்தியோகம் பார்க்கிறவர்களாதலால், அந்த விரலின் பிரயாணத்தைப் பற்றி ஏதோ சிறிது அறிவோம். பெரும்பாலோர் பெயரைப் படிப்பதில்லை, படத்தை நம்புவதுமில்லை. வயதான அம்மாள் ஒருவர் மேலிருந்து கீழாகச் சின்னத்தைத் தேடிக்கொண்டே வருவார். கண்டதும் முகம் மலரும். பெயர் வரிசையிலும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் அபேட்சகர்கள் மேலே, அங்கீகாரமில்லாத கட்சியினர் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். கீழே இருப்பவர் சின்னத்தைச் சொன்னால் மட்டும் போதாது, எத்தனையாவது பொத்தான் என்பதையும் சேர்த்துக் கூவவேண்டும்.

2019-இல் சிதம்பரத்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் ஸ்ரீ தொல். திருமாவளவன் அங்கே நின்றார். அவர் கட்சிக்கு அப்போது அங்கீகாரம் இல்லை; எனவே நிரந்தரச் சின்னமும் இல்லை. கூட்டணியின் பெரிய கட்சியான தி.மு.க.வின் உதயசூரியனில் நின்றிருந்தால், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஜனங்களின் கண்ணில் பதிந்த சின்னம் இலவசமாகக் கிடைத்திருக்கும். அவர் கட்சியைச் சேர்ந்த இன்னொரு அபேட்சகர் விழுப்புரத்தில் அந்தச் சின்னத்தில்தான் நின்றார். திருமாவளவனோ தனிச் சின்னத்தில் நின்றார். கிடைத்தது பானை. ஆறு தொகுதிகளிலும் பானையைப் பதிய வைக்கவேண்டும். இருப்பதோ மூன்று வாரம். கொள்கை விளக்கத்துக்கும் எதிரிக்குப் பதில் சொல்வதற்கும் போகவேண்டிய மூச்சில் ஒரு பெரும் பங்கு பானைக்குப் போயிற்று. தொண்டர்கள் மண்பானையைக் கையிலேந்தித் தெருவில் வந்தார்கள். முடிவு: அவருக்கு 5,00,229, அடுத்தபடி வந்த அண்ணா தி.மு.க. அபேட்சகருக்கு 4,97,010. வித்தியாசம் 3,219. உதயசூரியனில் நின்றிருந்தால் இவ்வளவு நெருக்கம் இராது என்பார் உண்டு. சொந்தச் சின்னம் இல்லாத கட்சிக்குச் சொந்த வாயும் இராது என்பார் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 2024-இல் அதே பானையோடு வந்தபோது அறிமுகப்படுத்தும் வேலை மிச்சம். வித்தியாசமும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதற்கு முன் 2016-இல், பக்கத்திலுள்ள காட்டுமன்னார்கோயில் சட்டசபைத் தொகுதியில், இதே மனிதர் 87 வோட்டில் தோற்றிருந்தார். 87 என்பது ஒரு கல்யாணப் பந்திக்குக் காணாது! அப்படிப்பட்ட தொகுதியில் நிற்கிறவர் எந்தத் திண்ணையை விட்டுவிடத் துணிவார்?

சின்னம் என்ற ஒன்றே இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே வோட்டர் வெள்ளைச் சீட்டில் அபேட்சகரின் பெயரைத் தம் கைப்பட எழுதவேண்டும். அதோடு, வீடு வீடாகப் போய் வோட்டுக் கேட்பதை 1925-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்துவிட்டது. திண்ணை ஏற வழியில்லை. பெயரோ நெஞ்சில் பதிந்தாகவேண்டும். ஆகவே அபேட்சகர் வெள்ளைக் கையுறை அணிந்து, ஒலிபெருக்கி வண்டியில் ஏறி, நாளெல்லாம் தம்முடைய பெயரை உச்சரித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார். கடினமான எழுத்துள்ள பெயரானால், குழந்தைகளும் எழுதக்கூடிய எளிய எழுத்தில் அதை விளம்பரப்படுத்துகிறார். நம் ஊரில் இப்படித் தன் பெயரைத் தானே நாள் முழுதும் சொல்லிக்கொண்டு ஒருவர் போனால் வைத்தியரை அழைப்போம்.

அவ்வளவு தூரம் வேண்டாம், யாழ்ப்பாணம் வரை போனாலே போதும். இலங்கையில் 1989-ஆம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தல் முதல் விருப்பு வோட்டு முறை நடக்கிறது. வோட்டர் முதலில் கட்சியின் சின்னத்துக்கு நேரே குறியிட்டு, பிறகு அக்கட்சியின் அபேட்சகர்களில் மூன்று பேர் வரை அவர்களுடைய எண்களில் குறியிடலாம். ஜில்லா முழுவதும் ஒரே தொகுதி. பலன் என்ன? யாழ்ப்பாணத்து மதில்களில் அபேட்சகரின் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் பெரிதாக நிற்கும். எதிர்க்கட்சிக்காரரைவிடத் தம் கட்சிக்காரரே அவருக்குப் பெரிய போட்டி. ஒரே சின்னத்தின் கீழே அண்ணன் தம்பியாகக் கைகோத்துப் படம் பிடித்துக்கொண்டு, இருட்டியதும் ஒருவர் எண்ணின்மேல் மற்றவர் எண்ணை ஒட்டும் காட்சி அங்கே சகஜம். பெயரைச் சொல்லும் ஜப்பானியரும், எண்ணைச் சொல்லும் யாழ்ப்பாணத்தாரும், சின்னத்தைச் சொல்லும் சிதம்பரத்தாரும் மூன்று வகை மனிதர்கள் என்று நமக்குத் தோன்றவில்லை. மூவரிடமும் மூன்று விதமான சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வார்டு தேர்தலில்தான் எல்லாம் தலைகீழாகிறது. பேரூராட்சி வார்டில் வோட்டர்கள் சில நூறு பேர், மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம். நாலைந்து தெரு. அங்கே பெரிய தலைவர் யாரும் வரமாட்டார். சின்னம் உண்டென்றாலும், "யார் பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. அபேட்சகருக்கு நா முழுதும் உறவுமுறை நிரம்பிவிடும். "அக்கா, நான்தான் நிற்கிறேன், மாமி, மறந்துவிடாதீர்கள், பெரியம்மா, உங்கள் வீட்டு வோட்டு எனக்கல்லாமல் யாருக்கு?" பரங்கிப்பேட்டையில் பல வீடுகளில் ஆண்மக்கள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சம்பாதிக்கிறார்கள். அசர் தொழுகை முடிந்து, வீட்டு வேலை ஓய்ந்து, பெண்கள் வாசற்பக்கம் வரும் நேரம் பார்த்து வருகிற அபேட்சகரே காரியவாதி. அவரிடம் அந்தப் பெண்கள் கேட்பதும் தெளிவாயிருக்கும்: இந்தச் சாக்கடை, இந்தத் தெருவிளக்கு, இந்தக் குழாய். "தலைவர் பார்த்துக்கொள்வார்" என்று அங்கே சொல்லமுடியாது. ஜயித்தால் அதே தெருவில்தான் அவர் நாளைக்கும் நடக்கவேண்டும்.

சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நிற்கிறவருக்கோ வேறு சங்கடம் இருக்கிறது. 1985-ஆம் வருஷத்துக் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறிச் சபையில் வோட்டுப் போட்டால் பதவியே போய்விடும். அரசாங்கங்கள் இரவோடு இரவாகக் கவிழ்வதைத் தடுக்க வந்த சட்டம் அது. அந்த நோயும் உண்மையாகவே இருந்தது. ஆனால் அதன் நிழல் தெருவிலும் விழுகிறது. சபையில் சொந்த அபிப்பிராயத்துக்கு இடமில்லாதவர், கடைத்தெருவில் மட்டும் எதைச் சொந்தமாகச் சொல்லுவார்? அன்னங்கோயில் கரையில் நிற்கும் மீனவர், முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகு தட்டுகிறதே, நீர் சபையில் என்ன செய்வீர் என்று கேட்டால், உண்மையான பதில், "கட்சி என்ன சொல்லுகிறதோ அது" என்பதாகத்தான் இருக்கமுடியும். அதை எந்த அபேட்சகரும் சொல்லமாட்டார். ஆகவே பானையையோ சூரியனையோ இலையையோ தாமரையையோ காட்டிவிட்டு வண்டியை நகர்த்துகிறார். நாம் ஆரம்பத்தில் கண்ட மூன்றாமவர் தலைகுனிந்து புன்னகை புரிந்துகொண்டிருப்பதும் இதனால்தான். விஷயம் இல்லாதவர் என்று அவரைத் தள்ளிவிடக்கூடாது. சொல்லுவதற்கு அதிகாரம் இல்லாதவர் என்பதே பொருந்தும்.

பிரசாரம் முடியும் மாலையைப் பற்றி ஒரு வார்த்தை. வோட்டெடுப்பு முடியும் நேரத்துக்கு 48 மணி முன்னதாகக் கூட்டங்களும் ஒலிபெருக்கியும் ஓய்ந்துவிடவேண்டும். தொகுதியில் வோட்டில்லாத வெளியூர்க் கட்சிக்காரர்கள் எல்லையைத் தாண்டிப் போய்விடவேண்டும். தலைவர் போய்விடுவார், பாட்டுப் பெட்டி போய்விடும், பட்டாசு வெடிப்பவனும் போய்விடுவான். அபேட்சகர் இரண்டு மூன்று பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வீடுகளுக்குப் போகலாம், அதற்குத் தடையில்லை. வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நிற்கும்போது, உள்ளேயிருந்து ஒரு அம்மாள், "உட்காருங்கள் தம்பி. முகத்துவாரம் விஷயமாக ஒன்று கேட்கவேண்டும்" என்று சொன்னால், அந்த இரண்டு நாளும் அவருக்குப் பதில் எடுத்துக் கொடுப்பதற்குப் பக்கத்தில் எவரும் இருக்கமாட்டார்கள்.